வக்கீல் எம்.எல்.ஏ. ஒருவரின் வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி: வடசென்னையில் தொடங்குகிறவர்களுக்கு

வடசென்னையில் பேட்டைக்கு ஒருவராவது இப்படி இருந்திருக்கிறார். காலையில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பாரிமுனைக்குப் பஸ் ஏறுவார். சாயங்காலம் வீட்டு வாசலில் வாடகைத் தகராறு, குடிசை மாற்று வாரிய ஒதுக்கீடு, ஸ்டேஷனில் உட்காரவைத்த பையன் என்று ஆட்களைப் பார்ப்பார். நடுவில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ சட்டமன்றத்துக்குப் போயிருப்பார். மந்திரி ஆகாததால் அவரைப் பற்றிப் புத்தகம் இருக்காது. இன்று ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ அவர் பெயரைச் சொன்னால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அப்படிப்பட்டவரைப் பற்றி எழுத வருகிற பேரனோ, பழைய ஜூனியரோ, கல்லூரி மாணவியோ பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். "எளிமையானவர், ஏழைப் பங்காளர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதை யாரைப் பற்றியும் எழுதலாம். வக்கீலாகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தவருக்குக் காகிதத்தில் இரண்டு தடங்கள் உண்டு. கோர்ட்டில் ஒன்று, சபையில் ஒன்று. இரண்டையும் தேதிவாரியாக ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆள் தெரிவார். வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் எட்டு முதல் பத்து மாத வேலை இது. எங்கே தொடங்குவது, எங்கே ஏமாந்துபோவோம் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறோம்.

தேதி நோட்டு

முதல் நாளே ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள். ஐந்து பத்திகள் போதும்: தேதி, நடந்தது, எந்தக் காகிதம், பக்க எண், எவ்வளவு நம்பலாம். கடைசிப் பத்தியில் மூன்று குறிகள் மட்டும் வையுங்கள். அச்சிட்ட ஆவணமோ சான்றுநகலோ இருந்தால் "அ". கையால் எழுதிய டைரி, கடிதம் என்றால் "ஆ". வாய்ச்சொல் என்றால் "இ". "இ" மட்டும் உள்ள ஒரு தேதியை அச்சுக்கு அனுப்பக் கூடாது. அது "அ" அல்லது "ஆ" ஆகும்வரை "1970-களின் நடுவில்" என்றுதான் எழுத வேண்டும்.

கம்ப்யூட்டரில் அட்டவணை போடுகிறவர்கள் போடலாம். ஆனால் ஆவணக் காப்பகத்திலும் கோர்ட் ரெக்கார்டு அறையிலும் பல நேரம் பென்சிலும் நோட்டும்தான் கைகொடுக்கும்.

பெயருக்கு ஒரு தனிப்பக்கம் விடுங்கள். இதைச் செய்யாதவர்கள் பாதித் தேடலை வீணாக்குகிறார்கள். ஒரே மனிதர் ஆங்கில நடவடிக்கைக் குறிப்பில் ஓர் இனிஷியலோடும் தமிழ்ப் பத்திரிகையில் வேறொரு இனிஷியலோடும் இருப்பார். ஆங்கில "ஜி" தமிழில் "கோ." ஆகியிருக்கும், "டி" ஒரு இடத்தில் "தி.", இன்னொரு இடத்தில் "த." ஆகியிருக்கும். 1950-களில் பெயருக்குப் பின்னால் இருந்த முதலியார், நாயக்கர், செட்டியார் 1960-களில் உதிர்ந்திருக்கும். எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியவர்களும் உண்டு. இந்த வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

தேர்தல் கணக்கு

தொடங்குவதற்கு எளிதான இடம் இதுதான். 1951–52 முதல் நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் தேர்தல் ஆணையம் புள்ளிவிவர அறிக்கை போட்டிருக்கிறது. தொகுதிவாரியாக வேட்பாளர் பெயர், கட்சி, வாங்கிய ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். அவர் வென்ற தேர்தலை மட்டும் பார்க்காதீர்கள். தோற்ற தேர்தல்களையும் எடுங்கள். குடும்பம் தோல்விகளை மறந்திருக்கும். அறிக்கை மறக்காது.

இங்கே சறுக்குகிற இடங்கள் நிறைய.

தொகுதியின் பெயரும் எல்லையும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1952-ல் ப. ஜீவானந்தம் வென்ற வண்ணாரப்பேட்டைத் தொகுதி அந்தப் பெயரில் இன்று இல்லை. டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் 1977 தேர்தலில்தான் வருகிறது. 2008 மறுசீரமைப்பு 2011 தேர்தலுக்கு எல்லாவற்றையும் மறுபடி வெட்டி ஒட்டியது. இப்போது வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் இருப்பவை திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு. "அவர் எங்க தொகுதி எம்.எல்.ஏ." என்று ஒரு தெருவில் சொன்னால், அந்த ஆண்டில் அந்தத் தெரு எந்தத் தொகுதியில் இருந்தது என்று மறுசீரமைப்பு ஆணையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

1952, 1957 தேர்தல்களில் ஒரே தொகுதியிலிருந்து இருவர் வெல்லும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. அவற்றில் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவர் தோற்றவர் என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். 1961-ல்தான் அந்த முறை எடுக்கப்பட்டது.

"அஞ்சு வருஷம் எம்.எல்.ஏ.வா இருந்தார்" என்ற வாக்கியத்தை எப்போதும் சோதியுங்கள். 1971 சபை 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது. 1977-ல் வந்த சபை 1980 பிப்ரவரியோடு போயிற்று. 1984 டிசம்பரில் தேர்தல் நடந்து 1985-ல் கூடிய சபை 1988 ஜனவரியில் முடிந்தது. 1989 ஜனவரியில் வந்தது 1991 ஜனவரியில் கலைந்தது. ஆகவே 1989-ல் வென்றவர் இருந்தது இரண்டே ஆண்டுகள். அதே மாதிரி, 1984 தேர்தலில் வென்றவரைச் சில ஆவணங்கள் "1985 உறுப்பினர்" என்று சொல்லும். இரண்டும் ஒரே தேர்தல்தான்.

எம்.எல்.சி.யையும் (சட்ட மேலவை உறுப்பினர்) எம்.எல்.ஏ.வையும் வீட்டார் குழப்புவார்கள். மேலவை 1986 நவம்பர் 1 அன்று ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் பட்டதாரிகள், ஆசிரியர்கள், உள்ளாட்சி என்று தனித்தனி வழியில் வக்கீல்கள் அங்கே போயிருக்கிறார்கள். கவுன்சிலர் பதவிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. சென்னை மாநகராட்சியில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. "1980-ல் கார்ப்பரேஷன் கவுன்சிலர்" என்று யாராவது சொன்னால் ஆண்டு தவறு, அல்லது ஊர் வேறு. திருவொற்றியூர் 2011 வரை தனி நகராட்சியாக இருந்தது. அங்கே தேடிப் பாருங்கள்.

"எதிரிக்கு டெபாசிட் போயிடுச்சு" என்பதைக் கணக்குப் போட்டே எழுத வேண்டும். செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்குத்தான் காப்புத்தொகை போகும். கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. பத்தில் மூன்று தடவையாவது வாய்ச்சொல் பொய்த்துவிடும் என்று எதிர்பார்த்தே உட்காருங்கள்.

2006 முதலான சட்டமன்றத் தேர்தல்களில் நின்றவர் என்றால் படிவம் 26 பிரமாணப் பத்திரம் கிடைக்கும். படிப்பு, பட்டம் வாங்கிய ஆண்டு, சொத்து, கடன், நிலுவை வழக்குகள் எல்லாம் அவரே கையெழுத்துப் போட்டுச் சொன்னது. அதற்கு முன் நின்றவர்களுக்கு இப்படி ஒரு காகிதம் கிடையாது. தேர்தல் வழக்கு இருந்ததா என்றும் பாருங்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் போட வேண்டிய மனு அது. 1966-க்குப் பிறகு உயர் நீதிமன்றத்திலும் அதற்கு முன் தேர்தல் தீர்ப்பாயங்களிலும் நடந்தது. ஒரு தேர்தல் வழக்கின் தீர்ப்பு கிடைத்தால் அந்தத் தேர்தலில் எந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதே சாட்சியமாகக் கிடைக்கும்.

சபைத் தடம்

சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் பெரும்பகுதி பட வடிவில் இணையத்திலேயே கிடைக்கிறது. அச்சுப் பிரதி வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம். முதலில் உறுப்பினர்கள் பற்றி அந்தந்தச் சபைக்குப் போட்ட "யார் எவர்" நூலை எடுங்கள். பிறந்த தேதி, படிப்பு, முகவரி, ஈடுபாடுகள் அதில் இருக்கும். அதுவும் உறுப்பினர் தாமே நிரப்பிக் கொடுத்ததுதான். ஆகவே பிறந்த தேதியைப் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்து, கடைசியில் இருந்து தொடங்குங்கள். முன்னாள் உறுப்பினர் இறந்தால் அடுத்து கூடும் கூட்டத்தில் இரங்கல் குறிப்பு வாசிப்பார்கள். எந்தத் தொகுதி, எந்தக் காலம் என்று சுருக்கமாக அதில் வரும். இறந்த தேதி தெரிந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு நாள்வாரியாகப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு நாளின் பொருளடக்கத்தில் வினா நேரம், கவன ஈர்ப்பு, சட்ட முன்வடிவு, மானியக் கோரிக்கை (துறைவாரியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்பது) என்று பிரித்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் வினா நேரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வினா பலர் பெயரில் சேர்ந்து வரும்; எழுத்தில் வந்த வினாவைவிட எழுந்து நின்று கேட்ட துணை வினாதான் அவருடையது. வக்கீல் உறுப்பினரைத் தேட வேண்டிய சரியான இடம் சட்ட முன்வடிவு விவாதம். பிரிவு பிரிவாகப் போகும்போது "இந்த இடத்தில் 'மற்றும்' என்று இருப்பதை 'அல்லது' என்று மாற்ற வேண்டும்" என்று எழுந்து சொல்கிறவர் பெரும்பாலும் கோர்ட்டில் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டியவராக இருப்பார். பொதுக் கணக்குக் குழு, அரசு உறுதிமொழிக் குழு, தெரிவுக் குழு ஆகியவற்றில் இருந்தாரா என்றும் பாருங்கள்.

மானியக் கோரிக்கைப் பேச்சு நீளமாக இருக்கும். முதல் பாதி தலைவருக்கு நன்றி, கட்சிப் புகழ். தொகுதி விஷயம் கடைசி இரண்டு பக்கத்தில், மணி அடிக்கிற நேரத்தில், வேகவேகமாக வரும்: ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் படுக்கை, காசிமேட்டில் கடல் அரிப்பு, வியாசர்பாடியில் மழைத் தண்ணீர், மணலிப் பக்கம் புகை. உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு பக்கம்.

1950-களின் தொடக்கத்தில் பேச்சு எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும். வடசென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் அதிகம் என்பதால் அவர் தெலுங்கில் பேசியிருக்கவும் கூடும். தமிழில் மட்டும் தேடினால் தப்பிவிடும். இன்னொன்று: 1952 முதல் 1956 வரை சபை கோட்டையில் கூடவில்லை. அண்ணா சாலை அரசினர் தோட்டத்தில் கட்டிய மண்டபத்தில் கூடியது. "1953-ல் கோட்டைக்குள் நுழைந்தார்" என்று எழுதினால் அந்த வரி ஒன்றே உங்கள் மற்ற வரிகளின்மேல் சந்தேகத்தைக் கொண்டுவரும்.

அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்று பதில் சொன்னதை "அவர் கேட்டுப் பெற்றுத் தந்தார்" என்று எழுதக் கூடாது. கேட்ட தேதி, பதில் தேதி, வேலை முடிந்த தேதி மூன்றும் தனித்தனி வரிகள்.

கோர்ட்டுத் தடம்

கஷ்டமான பகுதி இது. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு எம்.எல்.ஏ.வை வக்கீலாகக் காட்டுவது இதுதான்.

முதலில் சன்னது எண், அதாவது வக்கீலாகப் பதிவு செய்த எண். பழைய வக்காலத்து, லெட்டர்பேடு, பார் கவுன்சில் அடையாள அட்டை ஏதாவது ஒன்றில் "எம்.எஸ்." என்று தொடங்கி எண்ணும் ஆண்டும் இருக்கும். தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 1961 வழக்கறிஞர் சட்டத்துக்கு முன்னால் சன்னது வாங்கியவர் என்றால் அட்வகேட், வக்கீல், ப்ளீடர் என்று படிநிலைகள் வேறு வேறு. இரண்டாம் நிலை ப்ளீடராக இருந்தவரை "ஹைகோர்ட் வக்கீல்" என்று எழுதிவிடாதீர்கள். பட்டம் வாங்கிய ஆண்டுக்கும் சன்னது ஆண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால் அந்தக் காலத்தில் யாரிடம் இருந்தார் என்று கேளுங்கள். சீனியர் யார் என்பது ஒரு வக்கீலின் பாதி வாழ்க்கை.

சட்டக் கல்லூரி என்று சொன்னால் பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சிவப்புக் கட்டடத்தைத்தான் அவர் தலைமுறை சொல்லும். 1891-ல் தொடங்கிய கல்லூரி அது. 2018-ல் பட்டறைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்விட்டது. 1997-க்கு முன் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

எந்த கோர்ட்டில் தேடுவது? சென்னை நகர எல்லைக்குள் என்றால் சிட்டி சிவில் கோர்ட், ஸ்மால் காசஸ் கோர்ட், ஜார்ஜ் டவுன், எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள். பெரிய தொகை சிவில் வழக்கு உயர் நீதிமன்ற ஒரிஜினல் சைடில் "சி.எஸ்." எண்ணோடு இருக்கும். திருவொற்றியூர், மணலி, எண்ணூர், மாதவரம் என்றால் கதை வேறு. அவை செங்கல்பட்டு மாவட்டமாக இருந்து, 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் வந்து, 2011-ல் மாநகராட்சியிலும் 2018-ல் சென்னை வருவாய் மாவட்டத்திலும் சேர்ந்தவை. அந்தப் பக்கத்து வக்கீலின் பழைய வழக்குகளைப் பாரிமுனையில் மட்டும் தேடிவிட்டு "எதுவும் இல்லை" என்று திரும்பாதீர்கள். பொன்னேரி, பூந்தமல்லி, செங்கல்பட்டு, திருவள்ளூர் எல்லாவற்றையும் பாருங்கள்.

சட்ட இதழ்களில் பெயர் வரவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். மெட்ராஸ் லா ஜர்னல், லா வீக்லி போன்றவை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் போடுகின்றன. தீர்ப்பின் தலையில் இருக்கும் பெயர் மேலே வாதாடியவருடையது. கீழ்க் கோர்ட்டில் மூன்று ஆண்டு வாய்தா வாங்கி, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, வழக்கைக் கட்டி எழுப்பிய பேட்டை வக்கீலின் பெயர் அங்கே வராது. இணையத்தில் ஈகோர்ட்ஸ் தளம் வக்கீல் பெயரை வைத்தும் பார் எண்ணை வைத்தும் தேடவிடுகிறது. ஆனால் கணினிமயமான காலத்து வழக்குகளுக்குத்தான் அது உதவும்.

அப்போது மிஞ்சுவது கோர்ட் டைரி. அது கிடைத்தால் புதையல். ஒவ்வொரு நாளும் வழக்கு எண், கட்சிக்காரர் (வழக்கை ஒப்படைத்தவர்; அரசியல் கட்சி ஆள் அல்ல), எந்த கோர்ட், எதற்காக, அடுத்த வாய்தா என்று குமாஸ்தா கையெழுத்தில் இருக்கும். சுருக்கெழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு, ஏ.எஸ். முதல் மேல்முறையீடு, எஸ்.ஏ. உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு, ஐ.ஏ. இடைக்கால மனு, ஈ.பி. தீர்ப்பை நிறைவேற்றும் மனு. ஆர்.சி.ஓ.பி. வாடகைக் கட்டுப்பாடு, எம்.சி.ஓ.பி. வாகன விபத்து இழப்பீடு, சி.சி. மாஜிஸ்திரேட் கோர்ட் கிரிமினல் வழக்கு, எஸ்.சி. செஷன்ஸ், எச்.சி.பி. ஆட்கொணர்வு மனு. ஓர் ஆண்டு டைரியை எடுத்து இவை ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். "தொழிலாளர் வக்கீல்" என்று பெயர் வாங்கியவரின் டைரியில் முக்கால்வாசி வாடகை வழக்காக இருக்கும். அவர் சோறு சாப்பிட்டது எதில், பெயர் வாங்கியது எதில் என்று இரண்டையும் அந்த எண்ணிக்கை சொல்லிவிடும். டைரியில் வாரக்கணக்கில் வெற்றிடம் இருந்தால் கோடை விடுமுறையா, சபைக் கூட்டத்தொடரா, கோர்ட் புறக்கணிப்பா என்று பாருங்கள். 2009 பிப்ரவரி 19 அன்று உயர் நீதிமன்ற வளாகத்தில் போலீஸ் தடியடி நடந்த பிறகு வந்த வெற்றிடங்கள் அந்தக் காலத்து எல்லா டைரிகளிலும் உண்டு.

வடசென்னை வக்கீலைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தையாவது ஆழமாகத் தெரிந்துகொள்ளுங்கள்: 1921-ன் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். நிலம் கோயிலுடையது அல்லது ஒரு டிரஸ்டுடையது. அதன்மேல் வீடு கட்டிக்கொண்டவர் குடியிருப்பவர். மாதம் அடிமனை வாடகை கொடுப்பார். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்தில் தெருத் தெருவாக இப்படித்தான். நிலச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் 9-ஆம் பிரிவில் மனுப் போட்டு, கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த நிலத்தைத் தனக்கே விற்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த ஒரு மாதம் தவறினால் உரிமை போயிற்று. சம்மனைப் படிக்கத் தெரியாமல் அலமாரியில் வைத்துவிட்டு நாற்பதாவது நாள் ஓடி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பழைய குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்வார். பேட்டை வக்கீலுக்கு ஓட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு முக்கால் பதில் இங்கே இருக்கிறது. 1996 திருத்தம் கோயில், மத நிறுவன நிலங்களை இந்தப் பாதுகாப்பிலிருந்து எடுத்துவிட்டது. உங்கள் ஆள் அந்தக் காலத்தில் சபையிலோ கோர்ட்டிலோ இருந்தாரென்றால் அந்த ஓராண்டின் இரண்டு தடங்களையும் வரி வரியாகப் பாருங்கள்.

வழக்குக் கட்டின் நகல் வேண்டும் என்றால் நீங்கள் அந்த வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர். சும்மா நகல் மனுப் போட்டால் திருப்பிவிடுவார்கள். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லி அபிடவிட்டோடு மனுப் போட்டு, கோர்ட் உத்தரவு வாங்க வேண்டும். வழக்கு எண்ணும் ஆண்டும் இல்லாமல் போகவே போகாதீர்கள். ரெக்கார்டு அறையில் பெயரை வைத்துத் தேடித் தர யாருக்கும் நேரமில்லை. பழைய கட்டுகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்பட்டிருக்கும். முதலில் வழக்குப் பதிவேட்டை, அடுத்து டிகிரியை (தீர்ப்பாணையை) கேளுங்கள்.

எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே வழக்கு நடத்தலாமா என்று வாசகர் கேட்பார். தடை இல்லை; உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் அரசு வக்கீல் பதவியில் இருந்தாரா, இருந்தால் தேர்தலுக்கு முன் எப்போது விலகினார் என்று அரசாணையில் பாருங்கள். அரசிடம் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் எம்.எல்.ஏ. ஆகலாமா என்ற கேள்வி அங்கே வரும்.

சிறை

"மிசாவில் உள்ளே இருந்தார்" என்பது வடசென்னையில் அதிகம் கேட்கும் வாக்கியம். மிசா என்பது அவசரநிலைக் காலத்தில் விசாரணையின்றி ஆட்களை அடைத்து வைக்கப் பயன்பட்ட தடுப்புக் காவல் சட்டம். பலருக்கு உண்மை, சிலருக்கு ஆண்டுகள் போகப்போக ஏறிய பெருமை. 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் நடந்தவற்றை விசாரித்த நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணைய அறிக்கை, தடுப்புக் காவல் உத்தரவு, சிறையிலிருந்து வந்த தணிக்கை முத்திரையிட்ட கடிதம் ஆகியவற்றில் ஒன்றாவது இல்லாமல் எழுத வேண்டாம். அந்தச் சிறைக் கட்டடமும் இப்போது இல்லை; கைதிகள் புழலுக்குப் போன பின் இடிக்கப்பட்டுவிட்டது.

தெருவில் கிடைப்பவை

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொகுதியைக் கால்நடையாகச் சுற்றுங்கள். ரேஷன் கடை, பள்ளிக் கட்டடம், பஸ் நிழற்குடை, உடற்பயிற்சிக் கூடம், பொதுக் கழிப்பிடம், மீனவர் வலை பின்னும் கூடம் என்று எங்கெல்லாம் கல்வெட்டு பதித்திருக்கிறதோ அங்கெல்லாம் படம் எடுங்கள். "சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி" என்றிருந்தால் நிதியாண்டும் தொகையும் இருக்கும். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். சுண்ணாம்பு அடித்து மூடியிருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், சுரண்ட வேண்டாம்.

கல்யாணப் பத்திரிகையை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. எங்கள் கணக்கில் அது முதல்தரமான ஆவணம். தேதி அச்சில் இருக்கும். "தலைமை: வக்கீல் திரு. இன்னார், பி.ஏ., பி.எல்., எம்.எல்.ஏ." என்று பட்டமும் பதவியும் இருக்கும். கட்சிப் பதவி எப்போது மாறியது, யாரோடு ஒரே மேடையில் இருந்தார், எப்போதிலிருந்து பெயர் கீழே இறங்கியது எல்லாம் தெரியும். சுயமரியாதைத் திருமணங்களை நடத்தி வைத்தவர் என்றால், அவற்றுக்குச் சட்ட ஏற்புத் தந்த 1967 திருத்தத்துக்கு முன்பா பின்பா என்று பிரித்துப் பாருங்கள். முன்பே நடத்திய வக்கீலுக்கு அதன் சட்டச் சிக்கல் தெரிந்தேதான் இருந்திருக்கும். பழைய குடும்பங்களில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்த காகிதமாக இந்தப் பத்திரிகைகள் கிடக்கும்.

பேட்டி

முதலில் குமாஸ்தா. அடுத்து ஜூனியர்கள், தொகுதி ஆபீஸில் மனு எழுதியவர், கட்சியின் பழைய வட்டச் செயலாளர், எதிர்த் தரப்பில் நின்ற வக்கீல். குடும்பம் கடைசியில். குடும்பத்தை முதலில் பார்த்தால் அவர்கள் சொல்லும் வடிவமே மனத்தில் பதிந்து, மற்றவர்களிடம் அதையே கேட்டு வாங்கத் தொடங்கிவிடுவோம். கையில் தேதி நோட்டோடு கடைசியில் போனால் "1972 ஏப்ரல்ல சபையில இதப் பேசியிருக்காரும்மா, அப்ப வீட்ல எதாவது சொன்னாரா?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்குத்தான் புதிதாக ஏதாவது வரும்.

"அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். முதல் சேம்பர் தம்புச் செட்டித் தெருவிலா லிங்கிச் செட்டித் தெருவிலா, எத்தனையாவது மாடி, வாடகை எவ்வளவு, டைப் அடித்தவர் யார், மதியச் சாப்பாடு எங்கிருந்து வந்தது, ஃபீஸ் கொடுக்க முடியாத கட்சிக்காரர் என்ன கொடுத்தார் என்று கேளுங்கள். பதில் வரும்போது நீங்கள் கேட்காததும் சேர்ந்து வரும்.

ஆண்டு நினைவில்லாதவருக்கு நங்கூரம் போடுங்கள். "அண்ணா செத்ததுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றால் 1969 பிப்ரவரி. காமராஜர் மறைவு 1975 அக்டோபர் 2. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24. சுனாமி 2004 டிசம்பர் 26. இரண்டு நங்கூரத்துக்கு நடுவில் ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்துவிட்டால் பத்திரிகையில் தேடும் காலம் பாதியாகக் குறையும்.

ஒலிப்பதிவில் முதல் வரியே தேதி, இடம், பேசுகிறவர் சம்மதம் மூன்றும் அவர் வாயாலேயே இருக்கட்டும். வயதானவர்களோடு ஒன்றரை மணிக்கு மேல் உட்காராதீர்கள். இரண்டு நாளுக்குள் எழுத்தில் கொண்டுவந்துவிடுங்கள். வாரம் கடந்தால் தெருப்பெயர் காதில் விழாது. அவர் "இஸ்துகினு போனாங்க" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். அதை "இழுத்துச் சென்றனர்" என்று திருத்தினால் சொன்ன ஆள் காணாமல் போய்விடுவார்.

எழுதும்போது

ஒரு நீளத் தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் கோர்ட், வலப்பக்கம் சபை என்று ஆண்டு ஆண்டாக எழுதுங்கள். இரண்டும் ஒரே விஷயத்தைத் தொடுகிற இடங்களில் சிவப்புக் கோடு போடுங்கள். குடிசைவாசிகளுக்காக இடைக்காலத் தடை வாங்கிய மாதத்திலேயே 1971 குடிசைப்பகுதிச் சட்டம் பற்றிப் பேசியிருப்பார். அல்லது கோர்ட்டில் வீட்டுச் சொந்தக்காரருக்காக நின்றுகொண்டு சபையில் குடியிருப்பவருக்காகப் பேசியிருப்பார். இரண்டாவதைக் கண்டால் மறைக்காதீர்கள். கட்சிக்காரருக்காக நிற்பது வக்கீலின் தொழில், தொகுதிக்காகப் பேசுவது உறுப்பினரின் கடமை. அந்த இழுபறியில் அவர் என்ன செய்தார் என்பதற்காகத்தான் இத்தனை மாதம் அலைந்தீர்கள். பத்து சிவப்புக் கோடு இருந்தால் பத்து அத்தியாயம். கோடு விழாத ஆண்டுகளை ஒரு பத்தியில் கடந்துவிடலாம்.

சில எல்லைகள் உண்டு. கட்சிக்காரர் வக்கீலிடம் நம்பிச் சொன்னது சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படியும், இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவின்படியும் காப்புக்கு உரியது. குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். வீட்டில் கிடக்கும் வழக்குக் கட்டை அப்படியே அச்சிடக் கூடாது. திறந்த கோர்ட்டில் வந்த தீர்ப்பை எழுதலாம். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவர் பெயர் எந்த வடிவிலும் வரக் கூடாது. இறந்தவரைப் பற்றித்தானே என்று நினைத்து எதையும் எழுதிவிட முடியாது. குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கில் எழுதினால் இறந்தவர் மீதான அவதூறும் குற்றமாகும். கடிதத்தின் காகிதம் வைத்திருப்பவருடையது, வாசகத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. இரண்டு இடத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கட்சிப் பத்திரிகையை எடுத்தால் எதிர்க்கட்சிப் பத்திரிகையின் அதே நாள் இதழையும் எடுங்கள். தி.மு.க.வின் முரசொலியில் "மாபெரும் கூட்டம்" என்று இருப்பது கம்யூனிஸ்ட் கட்சியின் ஜனசக்தியில் ஒரு வரியாகக்கூட இருக்காது. இரண்டிலும் ஒத்து வருவது தேதியும் இடமும்தான். அவற்றை நோட்டில் ஏற்றுங்கள்.

அச்சு

நூறு பிரதி போதும். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 1954 நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு வெளியான 30 நாளுக்குள் சொந்தச் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அதன்பின் வக்கீல் சங்க நூலகத்துக்கு ஒன்று, சட்டமன்ற நூலகத்துக்கு ஒன்று, அவர் வாழ்ந்த பேட்டையின் கிளை நூலகத்துக்கு இரண்டு. கிளை நூலகத்துக்குக் கொடுக்கும்போது தேதி நோட்டின் ஒளிநகலையும் பைண்டு செய்து சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் "இ" போட்டு விட்ட வரிகளிலிருந்துதான் அடுத்து வருகிறவர் தொடங்குவார்.